உபாயம் என்னும் தூண்டில்

விமர்சனம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றையே நாம் நினைக்கிறோம். மக்கள் எதனை மிகுதியாக வாசிக்கின்றனரோ அதனை ஆராய்வதும் விமர்சகனின் கடமை என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இன்று மலையகத்தின் லயன்களில் இளைஞர் பலர் நாள்தோறும் தவறாமல் வாசிக்கும் எழுத்து யாது என்று கேட்டால், உண்மையான விடை எமக்குப் பெருமை தருவதாக இராது. கைத்தொலைபேசியில் வந்து விழும் பந்தய விளம்பரமே அது. அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது, விலையும் கிடையாது, மதிப்புரை எழுதுவார் ஒருவருமில்லை. ஆயினும் வாசிப்பவனின் சம்பளத்தையே கொண்டுபோகும் வல்லமை அதற்கு உண்டு. இத்துணைச் செல்வாக்குள்ள ஓர் எழுத்தை விமர்சனம் செய்யாது விடுவது முறையாகாது என்று கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் வேண்டும். பந்தய ஓட்டத்தின்மீது எமக்குப் பகையில்லை. நானுஓயாவில் வாழும் எமக்கு அது புதியதுமன்று. ரதல்லைத் தோட்டத்துச் சரிவிலும், நுவரெலியா மாகாஸ்தோட்டைப் பாதையிலும் மோட்டார் வண்டிகளின் மலையேற்ற ஓட்டங்கள் நெடுங்காலமாக நடந்துவந்திருக்கின்றன. ஏப்ரல் மாதத்து வசந்த காலம் வந்தால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்மேட்டில் ஏறி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளில் எமது மாணவரும் இருப்பர். மலையேற்ற ஓட்டத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டி முந்துவதில்லை. ஒவ்வொன்றும் தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுகின்றது. வளைவு தெரிந்த சாரதியின் நிதானமும், இரவெல்லாம் விழித்திருந்து இயந்திரத்தைச் சீர்செய்த தொழிலாளியின் கைத்திறனுமே அங்கு வெல்கின்றன. மனித உழைப்பின் அழகை அதிலே காணலாம்.

அந்த அழகின்மேல் பணம் கட்டும் வழக்கம் எவ்வாறு இம்மலைக்கு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டளவில் குதிரைப்பந்தயம் தொடங்கியது. நானுஓயாவுக்கு இருப்புப்பாதை 1885இலே வந்தது. தோட்டத்துரைமாரின் ஓய்வுநேரக் களியாட்டமாகத் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு வேண்டிய பணம், கோப்பிக் காட்டிலும் தேயிலைக் காட்டிலும் எமது முன்னோர் சிந்திய வியர்வையிலிருந்து வந்ததேயாகும். 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கக் காலத்தில் கொழும்புக் குதிரைப்பந்தயம் நின்றுபோயிற்று. ஆனால் புக்கிக் கடை நிற்கவில்லை. உள்ளூர்க் குதிரை போனதும் அது இங்கிலாந்துக் குதிரையைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் கோடைகாலத்துப் பிற்பகல் இரண்டு மணி இங்கே மாலை ஆறரை மணி. வேலை முடிந்து, கைகால் கழுவி, கடைத்தெருவுக்கு இறங்கும் நேரம். தான் ஒருபோதும் காணப்போகாத ஊரில், காணப்போகாத குதிரையின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்து நிற்கும் தொழிலாளியைக் காணாத நகரம் எமது நாட்டில் அரிது.

இன்று அந்தக் கடை சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. குதிரையோடு மோட்டார் காரும் சேர்ந்துகொண்டது. 2018இல் ஃபோர்முலா 1 நிர்வாகமே பந்தய நிறுவனங்களின் விளம்பர உரிமையை விற்பதற்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் சவுபர் அணியின் கார்கள் ‘ஸ்டேக்’ என்ற சூதாட்ட நிறுவனத்தின் பெயரையே தம் பெயராகச் சூடி ஓடின. சூதாட்ட விளம்பரத்துக்கு இடந்தராத நாடுகளில் அதே கார்கள் ‘கிக்’ என்ற வேறு பெயரோடு ஓடின. 1968இல் லோட்டஸ் அணியின் கார்கள் சிகரெட்டுப் பெட்டியின் நிறத்தைப் பூசிக்கொண்டதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. நுரையீரலை விற்ற இடத்தில் இன்று சம்பளப்பை விற்பனையாகின்றது.

இனி, அந்த எழுத்தை எடுத்துப் பார்ப்போம். அதனுள்ளே இரண்டு வகை உள. ஒன்று விளம்பரம், மற்றையது உபாயம் கற்பிக்கும் கட்டுரை. முன்னையது கூவி அழைப்பது; பின்னையது அமைதியாக அருகிலிருந்து அறிவுரை சொல்வது. முன்னையதைக் கண்டு எச்சரிக்கையடைபவனும் பின்னையதைக் கண்டு ஏமாறுகிறான். ஆதலால் இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

விளம்பரத்தின் உயிர்ச்சொல் ‘இலவசம்’ என்பது. புதிதாகச் சேர்பவனுக்கு ‘இலவசப் பந்தயம்’, ‘நல்வரவுப் பரிசு’ என்று அது பேசுகிறது. 1,000 ரூபா இலவசப் பந்தயம் தருகிறோம் என்கிறது. இரண்டு மடங்கு கொடுக்கும் பந்தயத்தில் அதனைக் கட்டி வென்றால் 2,000 ரூபா கிடைக்கும் என்றே எளியவன் நினைப்பான். வழக்கமான நிபந்தனையின்படி கட்டிய தொகை அவனுக்குத் திரும்பி வருவதில்லை. இலாபமாகிய 1,000 ரூபா மட்டுமே வரும். பல இடங்களில் அந்தப் பரிசுப் பணத்தையும் உடனே கையில் எடுக்க முடியாது. அதனைப் போல இத்தனை மடங்கு தொகையைப் பந்தயத்தில் சுழற்றிய பின்னரே எடுக்கலாம் என்று ஒரு விதி, கண்ணுக்கு எட்டாத சிற்றெழுத்தில் இருக்கும்.

அந்த விதியின் பொருளை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். இரண்டு சாரதிகளில் எவர் முந்துவார் என்று ஒரு பந்தயம். இருவரும் சம வல்லமையுடையவர். பந்தயக்காரன் இருவருக்கும் 1.85 என்று விலை வைக்கிறான். அதாவது, 1,000 ரூபா கட்டி வென்றவனுக்கு, கட்டிய பணமும் உட்பட 1,850 ரூபா கிடைக்கும். ஒரு பக்கம் 1,000, மறுபக்கம் 1,000 எனக் கட்டப்பட்டால் பெட்டியில் விழுவது 2,000. எந்தச் சாரதி வென்றாலும் வெளியே போவது 1,850. எஞ்சிய 150 ரூபா பந்தயக்காரனுக்கு. அதாவது, நூற்றுக்கு ஏழரை. அவன் எந்த வண்டியின்மேலும் பணம் கட்டுவதில்லை; ஆகவே அவன் தோற்பதும் இல்லை. இப்பொழுது 5,000 ரூபா நல்வரவுப் பரிசு, அதனைப் பதினைந்து மடங்கு சுழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுழற்ற வேண்டிய தொகை 75,000 ரூபா. அதிலே நூற்றுக்கு ஏழரை வீதம் சராசரியாகக் கரையும் தொகை 5,625 ரூபா. கொடுத்த பரிசைவிட 625 ரூபா அதிகமாகத் திரும்பிப் போயிற்று. ‘இலவசம்’ என்ற சொல்லின் முழுப்பொருள் இதுவேயாகும்.

இத்தகைய கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவன் போட்டுவிடுவான். அவ்வாறாயின் கணக்குத் தெரிந்தவனும் ஏன் விழுகிறான் என்ற வினா எழுகின்றது. அதற்கு விடை இரண்டாவது வகை எழுத்தில், அதாவது உபாயக் கட்டுரையில் இருக்கின்றது.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையில் எமது பழைய மாணவர் ஒருவர் எம்மைப் பார்க்க வந்தார். கணிதத்தில் கெட்டிக்காரர், வண்டி இயந்திரங்களில் தீராத ஆசை உள்ளவர், வீட்டு நிலைமையால் உயர்தரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். தாய் இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவர் கையில் ஒரு கொப்பி இருந்தது. அதனைத் திறந்தபோது எமக்கு ஒருகணம் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. அத்துணை அழகான அட்டவணைகள்! ஓட்டப்பாதையின் நீளம், வளைவுகளின் எண்ணிக்கை, தகுதிச் சுற்றில் ஒவ்வொரு சாரதியும் எடுத்த நேரம், சக்கரங்களின் வகை, மழைக்கான வாய்ப்பு. பள்ளிக்கூடத்தில் நாம் பழக்கிய கோடுபோட்ட ஒழுங்கு அத்தனையும் அதிலே இருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் இழந்த தொகை எழுதப்பட்டிருந்தது. அதில் அவருடைய தாயின் அடகு நகையும் அடக்கம்.

நாம் ஒன்றும் பேசுமுன் அவரே சொன்னார்: “சேர், முறையில தப்பு இல்லீங்க. நான்தான் பாதியில பயந்துட்டேன்.”

உபாயக் கட்டுரையின் வெற்றி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது எனலாம். தோல்விக்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பு என்று அவர் நினைக்கவில்லை. தமது அறிவு போதவில்லை, துணிவு போதவில்லை என்றே நினைக்கிறார். ஆகவே அடுத்த முறை இன்னும் நன்றாகப் படித்து, இன்னும் உறுதியாக நின்று ஆட வேண்டும் என்ற முடிவுக்கே வருகிறார். இழந்தவனையே குற்றவாளியாக்கி, அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக மீண்டும் இழக்கச் செய்யும் எழுத்தை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

அவர் பயந்து பாதியில் விட்டதாகச் சொன்ன முறையை மேசையில் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். தோற்கத் தோற்கத் தொகையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், ஒரு தடவை வென்றாலும் இழந்தது முழுவதும் திரும்பிவிடும் என்பது அந்த முறை. 100 ரூபா கட்டித் தோற்கிறார். 200 கட்டித் தோற்கிறார். 400 கட்டித் தோற்கிறார். இழந்தது 700. நான்காவதாக 800 கட்டுகிறார், வெல்கிறார். விலை 1.85 ஆதலால் இலாபம் 680 ரூபா. வென்ற பின்னும் 20 ரூபா நட்டம்! முறையைச் சொல்லித்தந்த கட்டுரை விலை 2.00 என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டிருந்தது. அந்த விலையைப் பந்தயக்காரன் ஒருநாளும் தருவதில்லை. நான்கு படிகளில் அவர் கட்டிய தொகை 1,500 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்டு அப்போது நடைமுறையிலிருந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அவருடைய தாய் ஒரு முழுப்பேருக்குக் கொழுந்து பறித்து வாங்கும் கூலியைவிட அதிகமான தொகை சில மணி நேரத்தில், வென்றாலும் நட்டம் வரும் ஒரு கணக்குக்குள் போய் வந்திருக்கிறது. மாணவர் அந்த 20 ரூபாவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உபாயம் என்று உண்மையில் ஒன்றுமே இல்லையா? உண்டு. 1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கெல்லி என்ற அறிஞர், பந்தயத்தில் எவ்வளவு கட்டுவது தகும் என்பதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். பந்தய உபாயம் பேசும் எழுத்துக்களில் அவர் பெயர் அடிக்கடி வரும். கட்டுபவனுக்கு விலையைக் காட்டிலும் கூடிய அனுகூலம் எவ்வளவு உண்டோ, அதற்கேற்ற பங்கையே கட்ட வேண்டும் என்பது அந்தச் சூத்திரத்தின் சாரம். அனுகூலம் இல்லையாயின் விடை என்ன? பூச்சியம். சமமான இரு சாரதிகள், விலை 1.85 என்னும் பந்தயத்துக்குக் கெல்லியின் விடை, ஒரு சதமும் கட்டாதே என்பதே. அவர் பெயரைச் சொல்லும் கட்டுரைகள் இந்த விடையை மாத்திரம் உரத்துச் சொல்வதில்லை.

அனுகூலம் உழைத்துத் தேடினால் வராதா என்று கேட்கலாம். மாணவரின் கொப்பியிலிருந்த செய்திகள் அனைத்தும் உலகறிந்தவை. அவை அவருக்குத் தெரியுமுன்னரே பந்தயக்காரனின் கணிப்பொறிக்குத் தெரிந்து, விலைக்குள்ளே சேர்ந்துவிட்டன. ஓட்டம் நடக்கும்போதே கட்டும் பந்தயத்திலோ நிலைமை இன்னும் மோசம். ஓட்டப்பாதையில் நிகழ்ந்தது எமது மலையிலுள்ள திரைக்கு வந்துசேரச் சில வினாடிகள் செல்லும். பந்தயக்காரனுக்குச் செய்தி அதற்கு முன்னரே எட்டிவிடும். இத்தனையையும் மீறி எவரேனும் தொடர்ந்து வெல்லத் தொடங்கினால், அவர் கட்டக்கூடிய தொகையை நிறுவனம் சுருக்கிவிடுவது இத்தொழிலில் பலரறிந்த வழக்கம். தோற்பவனுக்கு வாசல் அகலத் திறந்திருக்கும், வெல்பவனுக்கு ஒடுங்கும். இதற்குப் பின்னும் இதனைத் திறமைக்குரிய களம் என்று சொல்வது எவ்வளவு பொருந்தும்?

இங்கே எமது இலக்கிய மரபை நினைவுகூர்வது தகும். திருக்குறளின் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே ‘சூது’ என்னும் அதிகாரம் இருக்கின்றது. சூதில் தோல்வியைக் காட்டிலும் வெற்றியே கொடியது, அதுவே தூண்டில் என்னும் கருத்தை வள்ளுவர் அங்கு முதலிலேயே வைத்துவிட்டார். ‘இலவசப் பந்தயம்’ என்ற விளம்பரத்துக்கு இதைவிடச் சிறந்த விமர்சனம் எம்மால் எழுத இயலாது. நளன் கதையோ கலி புகுந்ததால் நளன் ஆடினான் என்கிறது. தவறு விதியின்மேல் போய்விடுகின்றது. பாரதியின் பாஞ்சாலி சபதம், இவ்விரண்டிலும் எழாத ஒரு குரலை எழுப்புகின்றது. ஆடுபவனுடைய குரல் அன்று, பணயமாக வைக்கப்பட்டவளுடைய குரல். தன்னையே முதலில் இழந்துவிட்ட ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று அவள் சபையைக் கேட்கிறாள். லயன் அறையில் அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் தாய் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அவளுக்குச் சபை கிடைக்கவில்லை என்பதே வேறுபாடு.

உபாயத்தின் மயக்கத்துக்கு மேதைகளும் தப்பவில்லை. ரஷ்ய நாவலாசிரியர் தாஸ்தயேவ்ஸ்கி, நிதானமாக இருந்தால் வென்றுவிடலாம், அதுவே இரகசியம் என்று 1863இல் உறவினருக்குக் கடிதம் எழுதியவர். மூன்று ஆண்டுகளின் பின், கடனில் மூழ்கி, குறித்த நாளில் நூல் கொடுக்காவிட்டால் தம் எழுத்துக்களின் உரிமையையே இழக்க நேரும் என்ற ஒப்பந்தத்தின் பிடியில் இருந்துகொண்டு, ‘சூதாடி’ என்ற நாவலை ஒரு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். மனித மனத்தை அவரளவு அறிந்தவர் சிலரே. அவரே ‘பாதியில் பயந்துவிட்டேன்’ என்ற எண்ணத்தில் சிக்கினாரெனில், எமது இருபத்திரண்டு வயது மாணவரைப் பழிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்தக் கேள்வியை எமது முற்போக்கு எழுத்துக்களையும் நோக்கி நாம் கேட்டாக வேண்டும். எமது கதைகள் பலவற்றில் சூதாடி, குடிகாரனின் தம்பியாகவே வருகிறான். சம்பள நாளில் பணத்தைத் தொலைக்கிறான், மனைவி அழுகிறாள், முடிவில் திருந்துகிறான் அல்லது அழிகிறான். எழுதியவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அக்கதைகளில் பந்தயக்காரன் எங்கே? நூற்றுக்கு ஏழரை எங்கே? சுழற்றும் விதி எங்கே? சுரண்டலை விட்டுவிட்டுச் சுரண்டப்பட்டவனின் ஒழுக்கத்தை மட்டும் எழுதும்போது, ‘தவறு உன்னுடையது’ என்னும் விளம்பரத்தின் கருத்தையே நாமும் வேறு மொழியில் சொல்கிறோம். இது எமது பக்கத்துக் குறை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டங்களும் இந்தக் குழப்பத்திலிருந்து விடுபட நெடுங்காலம் எடுத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப்பந்தயத்தைத் தடைசெய்ய அரசு முனைந்தது. 1996இல் இந்திய உச்சநீதிமன்றம், அது திறமைக்குரிய விளையாட்டே என்று தீர்ப்பளித்தது. ஓடுவதில் திறமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமை, திரைமுன் நின்று பணம் கட்டுபவனின் பணப்பையைக் காப்பாற்றுமா என்பதே கேள்வி. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா தற்செயலா என்ற வாதத்தை ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களையே தடைசெய்தது. அதே மாதத்தில் எமது பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை நிறுவும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு வரவுசெலவுத் திட்டமோ, பந்தயத் தொழிலின் மொத்த வசூல்மீதான வரியை நூற்றுக்கு 15இலிருந்து 18ஆக உயர்த்த முன்மொழிந்தது. வரி விதிப்பதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் வசூலில் பங்கு பெறும் ஓர் அரசு, வசூல் குறைய வேண்டும் என்று முழுமனத்தோடு விரும்புமா என்பதைத் தொழிற்சங்கங்கள் விழிப்புடன் கவனித்துவர வேண்டும்.

நாள் முழுவதும் மலை ஏறி இறங்கினாலும் கடன் அடையாத வாழ்வில், ஒரே இரவில் அடைந்துவிடலாம் என்று சொல்லும் எழுத்துக்கு வாசகர் இருந்தே தீருவர். நியாயமான சம்பளமும், நிலமும், படித்தவனுக்கு ஏற்ற தொழிலும் வரும்வரை அந்த வாசகர் கூட்டம் கலையாது. இதை அறிந்துகொண்டே, ஆசிரியராகிய நாம் உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. அந்த விளம்பரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவருவோம். தமிழ்ப் பாடத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதச் சொல்வோம். கணிதப் பாடத்தில் 1.85 என்ற விலையைக் கரும்பலகையில் எழுதி, நான்காவது படிவரை கூட்டச் சொல்வோம். சூதாடாதே என்று நூறு தடவை சொல்வதைக் காட்டிலும் அந்த 20 ரூபா நன்றாகப் பேசும்.

எமது மாணவர் அன்று கொப்பியை எம்மிடமே விட்டுவிட்டுப் போனார். ஆட்டத்தை அடியோடு விட்டுவிட்டார் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. அப்படி முடியும் கதைகளைத்தான் சற்றுமுன் குறைகூறினோம். அடகு நகை இன்னும் மீளவில்லை. ஆனால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், இழந்த தொகைக்குக் கீழே, புறப்படுமுன் அவர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘முறை பிழை’. அடுத்த தவணை அந்தக் கொப்பியை வைத்துத்தான் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்தினோம்.